நான்கு மாத்திரையா, ஒன்றா? புரோஸ்டேட் புற்றுநோய் இலக்கு மருந்துச் சோதனைகளின் வரலாறு

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் செல்லும் சாலையில், நகரின் எல்லையை ஒட்டிய கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. திண்டிவனம், கிளியனூர், மயிலம், விக்கிரவாண்டி வட்டாரத்து மக்கள் பெரிய ஆஸ்பத்திரி என்று சொன்னால் பெரும்பாலும் அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். விழுப்புரத்துக்காரர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. விழுப்புரம் சந்திப்பிலிருந்து ஒரு ரயில் பாதை சென்னைக்குப் போகிறது. அங்கே 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. இன்னொரு பாதை திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு, அதாவது வேலூர் சி.எம்.சி.க்குப் போகிறது. திண்டிவனத்திலிருந்து வந்தவாசி வழியாகக் காஞ்சிபுரம் போனால் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரிலான அரசு புற்றுநோய் மருத்துவமனை.

இந்தச் சாலைகளிலும் ரயில்களிலும் போகும் நோயாளிகளில் ஒரு பிரிவினர் அறுபது, எழுபது வயதைக் கடந்த ஆண்கள். சிறுநீர் சரியாகப் பிரியவில்லை என்றோ, மாதக்கணக்கில் இடுப்பும் முதுகும் வலிக்கிறது என்றோ போகிறார்கள். முதுகுவலியை வயல்வேலையின் கணக்கில் எழுதிவிடுவது வழக்கம். இரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. அளவு மிக அதிகமாக இருந்து, எலும்பு ஸ்கேனும் எடுத்துப் பார்க்கும்போது புரோஸ்டேட் சுரப்பியில் தொடங்கிய புற்றுநோய் எலும்புவரை பரவியிருப்பது தெரிகிறது. இந்தியாவில் இந்நோயாளிகளில் பெரும் பகுதியினர் இப்படி முற்றிய நிலையில்தான் கண்டறியப்படுகிறார்கள். அந்த நிலையில் அறுவை சிகிச்சையால் நோயை முழுவதும் அகற்ற முடியாது. மருந்தால் நோயைக் கட்டுப்படுத்தி, நல்லபடியாக வாழும் காலத்தை நீட்டலாம்.

அந்த மருந்துகள் யாரிடம், எந்த அளவில், எந்தக் கேள்விக்கு விடை தேடிச் சோதிக்கப்பட்டன என்பதே இக்கட்டுரையின் பொருள். ஒரு மருந்து வேலை செய்கிறதா என்பதைச் சோதிக்க நிறுவனங்கள் பெரும் பணம் செலவிடுகின்றன. அந்த மருந்து எவ்வளவு குறைவாகக் கொடுத்தாலும் வேலை செய்யும் என்பதைச் சோதிக்க யாருக்கும் கட்டாயம் இல்லை. விழுப்புரம் போன்ற மாவட்டத்தில் வாழும் நோயாளிக்கு இரண்டாவது கேள்விதான் பெரும்பாலும் முக்கியமானது.

தொடக்கம்: சிகாகோ, 1941

புரோஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி அமைந்த சுரப்பி. ஈழத் தமிழ்ப் பாடநூல்களில் முன்னிற்கும் சுரப்பி என்ற பெயரைக் காணலாம். இதன் வளர்ச்சி ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண் ஹார்மோன்களைச் சார்ந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சார்லஸ் ஹக்கின்ஸ், கிளாரன்ஸ் ஹாட்ஜஸ் என்பவருடன் சேர்ந்து 1941இல் ஒரு முடிவை வெளியிட்டார். விதைகளை நீக்கினாலோ, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைக் கொடுத்தாலோ பரவிய புரோஸ்டேட் புற்றுநோய் சுருங்குகிறது என்பதே அது. புற்றுநோய் தன் விருப்பப்படி வளரும் ஒன்று என்று எண்ணப்பட்ட காலத்தில், அதற்கும் உடலின் சாவிகளில் ஒன்று பொருந்தும் என்று காட்டியது இந்தக் கண்டுபிடிப்பு. ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. இலக்கு மருந்து என்ற சொல் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே நடந்த இலக்குச் சிகிச்சை என்று இதைச் சொன்னால் தவறில்லை.

ஈஸ்ட்ரோஜனுக்கு மாற்றாக டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற மலிவான செயற்கை மாத்திரை பரவலாகக் கொடுக்கப்பட்டது. அதன் அளவு குறித்து யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 1960களில் அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகள் ஒன்றுசேர்ந்து, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பெரிய ஒப்பீட்டுச் சோதனைகளை நடத்தின. நாளுக்கு 5 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் புற்றுநோயால் இறப்பது குறைந்தது. ஆனால் இதயம், இரத்தக்குழாய் நோய்களால் இறப்பது கூடியது. கிடைத்த ஆதாயத்தை மருந்தே தின்றுவிட்டது. அடுத்து 0.2, 1, 5 மில்லிகிராம் என வெவ்வேறு அளவுகளை ஒப்பிட்டார்கள். 1 மில்லிகிராம், புற்றுநோயைக் கட்டுப்படுத்துவதில் 5 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருந்தது.

ஐந்தில் ஒரு பங்கு போதும் என்று ஒரு சோதனை சொன்ன முதல் தடவை அது. இந்தப் பாடம் பிறகு அரை நூற்றாண்டு மறக்கப்பட்டது.

1971இல் மூளையின் அடிப்பகுதியிலிருந்து சுரக்கும் ஒரு ஹார்மோனின் அமைப்பை ஆண்ட்ரூ ஷாலியின் குழு கண்டறிந்தது. அதைப் பின்பற்றிச் செய்யப்பட்ட லியூப்ரோலைடு ஊசி 1985இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விதைகளை அகற்றாமலேயே அவற்றின் ஹார்மோன் உற்பத்தியை இந்த ஊசி நிறுத்திவிடும். பிறகு ஃப்ளூட்டமைடு, பைகலூட்டமைடு மாத்திரைகள் வந்தன. இந்தியாவின் அரசு மருத்துவமனைகளில் விதை நீக்க அறுவை இன்னும் வழக்கொழியவில்லை. ஒருமுறை செய்தால் போதும், மாதாமாதமோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ ஊசிக்கு வர வேண்டாம், செலவும் இல்லை என்பதே காரணம். மேலைநாட்டுப் பாடநூல்களில் பழைய முறை என்று ஒரு வரியில் கடந்துபோகும் இந்த அறுவை, கிராமத்து நோயாளியின் கணக்கில் இன்றும் நியாயமான தேர்வு.

எதிரியின் இரண்டாவது வாசல்

விதைகளை நீக்கிய பிறகும், சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ நோய் திரும்ப வளரத் தொடங்கும். ஹார்மோனைச் சாராத புற்றுநோயாக அது மாறிவிட்டது என்றே நெடுநாள் நம்பினார்கள். அது தவறான நம்பிக்கை. சிறுநீரகங்களின் மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பிகளும், ஏன் புற்றுக்கட்டியே கூடவும், சிறிதளவு ஆண்ட்ரோஜனை உற்பத்தி செய்துகொண்டே இருக்கின்றன. புற்றணுவில் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளும் பெருகிவிடுகின்றன. கொஞ்சம் கஞ்சி கிடைத்தாலும் பசியாறிக்கொள்ளப் பழகிய உடல் போல, மிகக் குறைந்த ஹார்மோனில் வாழ அந்த அணுக்கள் கற்றுக்கொள்கின்றன.

லண்டனில் உள்ள புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கேல் ஜார்மன், எலைன் பேரி, ஜெரி பாட்டர் ஆகியோர் 1990களின் தொடக்கத்தில் இந்த இரண்டாவது வாசலையும் அடைக்கும் ஒரு பொருளை உருவாக்கினார்கள். ஆண்ட்ரோஜன் உற்பத்திக்குத் தேவையான சிஒய்பி17 என்ற நொதியை அது முடக்கும். அதன் பெயர் அபிராடெரோன். மருந்து நிறுவனங்களுக்கு இதில் பெரிய ஆர்வம் இருக்கவில்லை. உரிமை கை மாறி, பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்தது. 2004இல் கூகர் என்ற சிறிய அமெரிக்க நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையில் யோஹான் டி போனோ, கெர்ஹார்ட் அட்டார்டு ஆகியோரின் குழு 21 நோயாளிகளிடம் செய்த முதல் கட்டச் சோதனையின் முடிவு 2008இல் வெளியானது. 2009இல் ஜான்சன் அண்டு ஜான்சன் கூகரையே விலைக்கு வாங்கிவிட்டது.

சோதனையின் கட்டங்களை இங்கே புரிந்துகொள்வது நல்லது. முதல் கட்டத்தில் மிகச் சிலருக்குக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக அளவைக் கூட்டி, உடல் எதுவரை தாங்கும் என்று பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் மருந்துக்குப் பலன் இருப்பதற்கான அறிகுறி தேடப்படும். மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கானவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் புதிய மருந்தும் மறு பிரிவுக்கு வெற்று மாத்திரையோ வழக்கமான சிகிச்சையோ கொடுத்து ஒப்பிடுவார்கள்.

அபிராடெரோனின் மூன்றாம் கட்டச் சோதனையில் 1,195 பேர் சேர்ந்தார்கள். கீமோதெரபிக்குப் பிறகும் நோய் வளர்ந்தவர்கள் இவர்கள். மருந்து எடுத்தவர்களின் சராசரி வாழ்நாள் இடைநிலை 14.8 மாதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 10.9 மாதம். இடைக்கால ஆய்விலேயே வேறுபாடு தெளிவாகத் தெரிந்ததால், 2010இல் சோதனையின் திரை விலக்கப்பட்டு வெற்று மாத்திரைக் குழுவுக்கும் மருந்து வழங்கப்பட்டது. 2011இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. 2017இல் வெளியான இரண்டு பெரிய சோதனைகள், நோய் கண்டறிந்த தொடக்கத்திலேயே ஹார்மோன் சிகிச்சையுடன் இதைச் சேர்த்துக் கொடுத்தால் பலன் இன்னும் பெரிது என்று காட்டின. 2019இல் உலக சுகாதார அமைப்பு இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

வெறும் வயிறு

அங்கீகரிக்கப்பட்ட அளவு நாளுக்கு 1,000 மில்லிகிராம். மாத்திரை ஒன்று 250 மில்லிகிராம் என்பதால் நாளுக்கு நான்கு, மாதத்துக்கு 120 மாத்திரைகள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விழுங்க வேண்டும். விழுங்கிய பின் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது.

இந்த 1,000 எங்கிருந்து வந்தது? முதல் கட்டச் சோதனையில் 2,000 மில்லிகிராம் வரை கூட்டிப் பார்த்தும் உடல் தாங்கியது. 750 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஹார்மோன் மாற்றங்களில் பெரிய வேறுபாடு எதுவும் தெரியவில்லை. எனவே 1,000 என்று முடிவானது. பெரிய சோதனைகள் எல்லாம் அந்த அளவிலேயே, வெறும் வயிற்றிலேயே நடந்தன. அனுமதியும் அதற்கே கிடைத்தது.

இந்த மருந்துக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. அது நீரில் எளிதில் கரையாது, கொழுப்பில் கரையும். வெறும் வயிற்றில் விழுங்கினால் பெரும் பகுதி இரத்தத்தில் சேராமல் வெளியேறிவிடுகிறது. கொழுப்பு குறைந்த உணவுடன் எடுத்தால் உடலில் சேரும் மொத்த மருந்து சுமார் 5 மடங்காகிறது. கொழுப்பு மிகுந்த உணவுடன் எடுத்தால் சுமார் 10 மடங்கு. மருந்துப் பெட்டியில் இருக்கும் தகவல் தாளிலேயே இந்த எண்கள் அச்சாகியிருக்கின்றன. அதாவது வெறும் வயிற்றில் நான்கு மாத்திரை விழுங்கும் நோயாளி அவற்றில் பெரும் பகுதியைக் கழிவறைக்குத்தான் அனுப்புகிறார். உணவுக்கு உணவு மருந்தின் அளவு தாறுமாறாக ஏறி இறங்கக் கூடாது என்பது வெறும் வயிற்று விதிக்கு நிறுவனம் சொல்லும் நியாயம். அது பொய்யில்லை. ஆனால் உணவையே மருந்தின் துணையாக்கினால் என்ன என்று கேட்பதால் நிறுவனத்துக்கு என்ன லாபம்?

அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் சிகாகோ பல்கலைக்கழகத்து மருத்துவர்கள். ஹக்கின்ஸ் வேலை செய்த அதே இடம். அங்குள்ள மார்க் ரட்டெய்ன், வேறொரு புற்றுநோய் மருந்தை உணவுடன் எடுத்தால் எவ்வளவு பணம் மிச்சமாகும் என்று 2007இலேயே எழுதி விவாதத்தைத் தொடங்கியிருந்தார். ரஸ்ஸல் ஷ்முலெவிட்ஸ் தலைமையில் சிகாகோவிலும் சிங்கப்பூரிலும் 72 நோயாளிகளிடம் அபிராடெரோன் சோதனை நடந்தது. பாதிப் பேருக்கு வழக்கமான 1,000 மில்லிகிராம், வெறும் வயிற்றில். மீதிப் பேருக்கு 250 மில்லிகிராம், கொழுப்பு குறைந்த காலை உணவுடன். 12 வாரத்தில் பி.எஸ்.ஏ. அளவு எவ்வளவு குறைந்தது என்பது முக்கிய அளவுகோல். 2018இல் முடிவு வெளியானது. கால் பங்கு மருந்து எடுத்தவர்கள் எந்த விதத்திலும் பின்தங்கவில்லை. நோய் முற்றாமல் இருந்த காலமும் இரு குழுவிலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது.

மாதத்துக்கு 120 மாத்திரை 30 ஆகிறது. இந்திய நிறுவனங்கள் இதே மருந்தைக் குறைந்த விலையில் தயாரித்து விற்பது உண்மைதான். ஆனால் நோய் அடங்கியிருக்கும்வரை, பலருக்கு ஆண்டுக்கணக்கில், மாதந்தோறும் வாங்க வேண்டிய மருந்து இது. நிலத்தை அடகு வைத்து மருந்து வாங்கும் குடும்பத்தில் நான்கில் ஒரு பங்கு என்பது, பாதியில் சிகிச்சையை நிறுத்துவதற்கும் தொடர்வதற்கும் இடையிலான வேறுபாடு. இந்தியப் புற்றுநோய் மருத்துவர்கள் பலர் இந்த முடிவை உடனே கையில் எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. அமெரிக்காவின் முக்கிய சிகிச்சை வழிகாட்டியும் உணவுடன் 250 மில்லிகிராம் என்பதை ஒரு மாற்று வழியாக ஏற்றுக்கொண்டது.

இதில் குறைகளும் உண்டு. 72 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. பி.எஸ்.ஏ. குறைவது நல்ல அறிகுறி. ஆயுள் நீள்வதற்கு அதுவே சான்றாகிவிடாது. கொழுப்பு குறைந்த காலை உணவு என்பதைத் தமிழ்நாட்டில் எப்படி வரையறுப்பது? இரண்டு இட்லியும் நெய் மிதக்கும் வெண்பொங்கலும் மருந்தின் கணக்கில் ஒன்றாகா. விடிவதற்குமுன் வயலுக்குப் போய், பத்து மணிக்குக் கூழ் குடிப்பவருக்கு எது காலை உணவு? இவை சிரிப்பதற்கான கேள்விகள் போலத் தோன்றலாம். இந்த மருந்துக்கு இவை அறிவியல் கேள்விகள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான்கு மாத்திரை எழுதிக் கொடுக்கப்பட்டவர் அவற்றைச் சாப்பாட்டுடன் விழுங்கினால் இரத்தத்தில் மருந்து பல மடங்கு ஏறி, இரத்த அழுத்தம், பொட்டாசியம், கல்லீரல் ஆகியவற்றில் தொல்லை வரலாம். அளவை மாற்றுவது மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே நடக்க வேண்டியது.

சென்னை காட்டிய முன்மாதிரி

ஏழை நாட்டின் கேள்வியைக் கேட்ட சோதனைக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பழைய முன்மாதிரி இருக்கிறது. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிசிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார அமைப்பு, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கூட்டாக நடத்திய மையம் அது. காசநோயாளி என்றால் தாம்பரம் போன்ற சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்பது அந்நாளைய விதி. இந்தியாவில் அத்தனை படுக்கைகள் இல்லை. எனவே வாலஸ் பாக்ஸ் தலைமையில் இருநூறுக்குச் சற்றுக் குறைவான ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியை வீட்டிலும் மறு பாதியைச் சானடோரியத்திலும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். நெரிசலான வீடுகளில், போதிய உணவின்றி இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய இணையாகக் குணமானார்கள். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு ஒரு காரணமானது. வாரத்துக்கு இரண்டு முறை, கண்காணிப்பில் மருந்து கொடுத்தால் போதும் என்ற சோதனையும் அதே மையத்தில்தான் நடந்தது.

அந்தச் சோதனைகளால் எந்த நிறுவனத்துக்கும் லாபம் இல்லை. பொதுப்பணம் போட்டதால் நடந்தன. புற்றுநோய் மருந்துகளில் அப்படிப்பட்ட ஏற்பாடு இன்றுவரை மெலிந்தே இருக்கிறது.

மற்ற மருந்துகள்

என்சலூட்டமைடு வேறு வழியில் வேலை செய்கிறது. ஹார்மோன் உற்பத்தியை விட்டுவிட்டு, புற்றணுவில் ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பியையே அடைக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் சார்லஸ் சாயர்ஸ், மைக்கேல் ஜங் ஆகியோரின் உழைப்பில் உருவானது. 140 பேரிடம் நடந்த முதற்சோதனையில் நாளுக்கு 30 முதல் 600 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்தார்கள். 150க்கு மேல் கூட்டியதில் கூடுதல் பலன் தெரியவில்லை. மிக உயர்ந்த அளவுகளில் வலிப்பு வந்தது. 160 மில்லிகிராம் என்று அளவு முடிவானது. 1,199 பேரிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில் வாழ்நாள் இடைநிலை 13.6 மாதத்திலிருந்து 18.4 மாதமாக நீண்டது. 2012இல் அமெரிக்க அனுமதி வந்தது. இதன் மீதான காப்புரிமை விண்ணப்பத்தை இந்தியக் காப்புரிமை அலுவலகம் 2016 நவம்பரில் நிராகரித்தது. இந்தியாவில் இம்மருந்தின் விலை இறங்கியதில் மருத்துவச் சோதனைக்கு இருந்த பங்கைவிட இந்த அலுவலக உத்தரவுக்கு இருந்த பங்கு பெரிது. இதே வகையைச் சேர்ந்த அபலூட்டமைடு, டாரோலூட்டமைடு ஆகியவை பின்னர் வந்தன.

ஓலாபரிப் என்ற மருந்தின் கதை வேறு. பி.ஆர்.சி.ஏ. என்ற மரபணுக்களில் பிழை உள்ள புற்றணுக்கள் தம் டி.என்.ஏ. சேதத்தைச் சரிசெய்யும் ஒரு வழியை இழந்திருக்கும். ஓலாபரிப் மற்றொரு வழியையும் அடைப்பதால் அவை மடிகின்றன. மார்பகப் புற்றுநோயோடு பெரிதும் இணைத்துப் பேசப்படும் இந்த மரபணு, ஆண்களின் புரோஸ்டேட்டிலும் கேடு செய்யும் என்பது பொதுமக்கள் அதிகம் அறியாத செய்தி. 2020இல் வெளியான சோதனையில், பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2, ஏ.டி.எம். மரபணுப் பிழை உள்ளவர்களிடம் நோய் வளராமல் இருந்த காலம் 3.6 மாதத்திலிருந்து 7.4 மாதமானது. ஒப்பீட்டுக் குழுவுக்குக் கொடுக்கப்பட்டது அபிராடெரோன் அல்லது என்சலூட்டமைடு. அந்த நோயாளிகளோ ஏற்கெனவே அவ்வகை மருந்து ஒன்று பலனளிக்காமல் போனவர்கள். தோற்ற குதிரையோடு ஓட விட்டு வென்றதாகச் சொல்லலாமா என்று விமரிசகர்கள் கேட்டார்கள்.

387 பேரைத் தேர்ந்தெடுக்க 4,000க்கும் மேற்பட்டோரின் திசுக்களைச் சோதிக்க வேண்டியிருந்தது. பலருடைய திசு மாதிரி பழையதாக, போதாததாக இருந்ததால் முடிவே கிடைக்கவில்லை. மாவட்ட அளவில் இதுதான் உண்மையான தடை. பயாப்ஸி எடுத்த திசுவை மெழுகுக் கட்டியில் பதித்து வைப்பார்கள். அந்தக் கட்டி எந்த ஆய்வகத்தில் இருக்கிறது, எத்தனை ஆண்டு பழையது, ஃபார்மலினில் சரியான நேரம் ஊறியதா என்பதைப் பொறுத்தே மரபணுச் சோதனை நடக்கும். விழுப்புரத்தில் தனியார் ஆய்வகத்தில் பயாப்ஸி செய்து, அறிக்கைத் தாளை மட்டும் பையில் வைத்துக்கொண்டு சென்னைக்கோ கோரிமேட்டுக்கோ போகிறவர், கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கிப் போனால் இன்னொரு ஊசியிலிருந்து தப்பலாம்.

அணுக்கதிர் மருந்து

புரோஸ்டேட் புற்றணுக்களின் மேற்பரப்பில் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதம் மிகுதியாக இருக்கிறது. அதைத் தேடிப் பிடிக்கும் சிறிய மூலக்கூறு ஒன்றில் லுட்டீசியம்-177 என்ற கதிரியக்கத் தனிமத்தைக் கட்டி இரத்தத்தில் செலுத்தினால், அது புற்றணுவில் போய் ஒட்டிக் கதிரைப் பாய்ச்சும். ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் உருவான இந்த முறையை 831 பேரிடம் சோதித்ததில் வாழ்நாள் இடைநிலை 11.3 மாதத்திலிருந்து 15.3 மாதமாக உயர்ந்தது. 2021இல் முடிவு வெளியாகி, 2022 மார்ச்சில் அமெரிக்க அனுமதி கிடைத்தது.

இந்த ஒரு துறையில் இந்தியா காத்திருக்கவில்லை. லுட்டீசியம்-177 மும்பை டிராம்பேயில் உள்ள துருவா அணு உலையில் தயாராகிறது. அதன் அரை ஆயுள் சுமார் 6.6 நாள், ஆகவே உள்நாட்டில் தயாரித்து விமானத்தில் அனுப்புவது எளிது. அமெரிக்க அனுமதிக்குப் பல ஆண்டுகள் முன்பே டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் நோயாளிகளுக்கு இதைக் கொடுத்து, 2017இல் 31 பேரின் முடிவுகளை வெளியிட்டார்கள். சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனை இன்னும் ஒரு படி மேலே போனது. கீமோதெரபி எடுக்காத 40 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, லுட்டீசியத்தை டோசிடாக்சல் என்ற கீமோதெரபி மருந்தோடு நேருக்கு நேர் ஒப்பிட்டது. லுட்டீசியம் பின்தங்கவில்லை. சிறிய சோதனைதான், ஆனால் கேள்வி இந்தியாவில் பிறந்தது, மருந்தின் மூலப்பொருளும் இந்தியாவில் பிறந்தது.

சோதிக்கப்படுகிறவர்

இலவச மருந்து கிடைக்கும் என்ற ஒரே காரணத்துக்காக ஏழை நோயாளி சோதனையில் சேர்வது தன்னிச்சையான ஒப்புதல்தானா என்ற கேள்வி இந்தியாவில் கற்பனையானது அன்று. 1999-2000இல் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில், வாய்ப் புற்றுநோயாளிகள் இருபதுக்கும் மேற்பட்டோருக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வாளரோடு சேர்ந்து, எம்4என் என்ற வேதிப்பொருள் ஊசியாகப் போடப்பட்டது. முறையான ஒப்புதல் பெறப்படவில்லை, விலங்குகளில் பாதுகாப்புச் சோதனை போதாது என்று 2001இல் செய்தி வெடித்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் விசாரணை நடத்தி, தன் ஆய்வாளர் மனிதர்களிடம் செய்யும் ஆய்வுகளுக்குத் தலைமை ஏற்கத் தடை விதித்தது.

அதன்பின் விதிகள் மெல்ல இறுகின. 2007இல் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு தொடங்கப்பட்டது. 2009 ஜூன் 15 முதல் பதிவு கட்டாயமானது. இந்தூரைச் சேர்ந்த ஸ்வாஸ்த்ய அதிகார் மஞ்ச் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிட்ட காலத்தில், 2013இல் இழப்பீட்டு விதிகளும் ஒப்புதலை ஒலி-ஒளிப் பதிவு செய்யும் ஏற்பாடும் வந்தன. 2019 மார்ச்சில் வெளியான புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள் இவற்றை ஒன்றாகத் தொகுத்தன. சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். மருத்துவரும் அறநெறிக் குழுவும் பரிந்துரைத்தால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, சோதனை முடிந்த பிறகும் மருந்தை இலவசமாகத் தொடர வேண்டும். இந்தக் கடைசி விதி பரவிய புரோஸ்டேட் புற்றுநோயாளிக்கு உயிர்நாடி போன்றது. மருந்து நிற்கும் நாளில் நோய் வளரத் தொடங்கலாம்.

2024 ஆகஸ்டில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றில் அனுமதி பெற்ற சில வகை மருந்துகளுக்கு உள்நாட்டுச் சோதனையிலிருந்து விலக்கு தரலாம் என்று அறிவித்தது. புதிய மருந்து சீக்கிரம் வந்து சேரும் என்பது இதன் நன்மை. இட்லியோடு எவ்வளவு, கூழோடு எவ்வளவு என்று கேட்கும் வாய்ப்பு விற்பனைக்கு வந்த பிறகே கிடைக்கும் என்பது இதன் விலை.

தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் உள்ளடக்கிய புற்றுநோய்ப் பதிவுத் திட்டம் 2012 முதல் நடைபெறுகிறது. தென்னாற்காட்டிலிருந்து 1993இல் பிரிந்த விழுப்புரமும் அதில் அடங்கும். யாருக்கு எந்த ஊரில் எந்தப் புற்றுநோய் என்பதை அது சொல்லும். நடைபெறும் சோதனைகளை அறிய மருத்துவச் சோதனைப் பதிவேட்டின் இணையதளம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. நோயின் பெயரை இட்டுத் தேடினால், எந்த மருத்துவமனையில், எந்த மருந்து, எந்த அளவில், எதனோடு ஒப்பிடப்படுகிறது, பணம் போடுபவர் யார் என்ற விவரங்கள் கிடைக்கும். பதிவேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆனால் ஒப்புதல் படிவத்தை நோயாளிக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது விதி. அந்தத் தமிழ்ப் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு, அடுத்த முறை திண்டிவனம் பேருந்தில் வரும்போது முடிவைச் சொல்கிறேன் என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு.